எந்த ஊர்ப் பிள்ளை என்று கேளுங்கள்

போன வருஷம் ஆடியில் 12 தக்காளிச் செடி நட்டேன். குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் விளையில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், கிணற்றுக்கும் அடுக்களைக்கும் நடுவே உள்ள துண்டு இடம். விதை பாக்கெட்டில் 'புதிய ரகம், அமோக விளைச்சல்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. செடி நன்றாகவே வந்தது. பூத்தது, பிஞ்சும் விட்டது. ஒரு நாள் மத்தியானம் ஒரு செடியின் கொழுந்து தொங்கியது. முந்தின ராத்திரிதான் நல்ல மழை, மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை. சாயங்காலம் நிமிர்ந்துகொண்டது. மறுநாள் மறுபடி தொங்கியது, அப்புறம் நிமிரவே இல்லை. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி விழவில்லை, பச்சையாகவே துவண்டு போனது. பத்து நாளில் 9 செடி போய்விட்டன.

வாடிய செடியொன்றை அடித்தண்டில் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய வாய் தண்ணீரைத் தொடும்படி பிடித்துப் பார்த்தேன். கை ஆடக்கூடாது. இரண்டு மூன்று நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக ஒரு இழை, பால் நூல் மாதிரி, மெதுவாகக் கீழே இறங்கியது. அது பாக்டீரியா. தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களில் கோடிக்கணக்கில் பெருகி வழியை அடைத்துவிடுகிறது. வேர் நனைந்து கிடந்தாலும் இலைக்குத் தண்ணீர் போகாது. இதற்குப் பாக்டீரியா வாடல் நோய் என்று பெயர். மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். கொத்தும்போது வேரில் படும் காயம், நூற்புழு போட்ட துளை என்று எதன் வழியாகவும் உள்ளே போகும். ஒருமுறை வந்தபின் மருந்தடித்துச் செடியைக் காப்பாற்ற முடியாது.

அந்த விதையைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. உலர்ந்த காற்றும் புளிப்பில்லாத மண்ணும் உள்ள ஒரு ஊரில் அது குலைகுலையாய்க் காய்த்திருக்கலாம். நான்தான் அது எந்த ஊருக்காக உருவானது என்று கேட்காமல் வாங்கிவிட்டேன். வீட்டுத் தோட்டத்துக்குப் புது ரகம் தேடுகிற எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். ஒரு ரகம் என்பது ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட தொல்லைக்குக் கிடைத்த பதில். நம் தொல்லை வேறாக இருந்தால் அந்தப் பதில் நமக்கு உதவாது.

குமரி மாவட்டத்தின் தொல்லைகள் என்னென்ன? முதலாவது மழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவம்தான் முக்கியம். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை இலை காய நேரமில்லாத நாட்கள் நிறைய. இரண்டாவது மண். விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் செம்பாறை மண். மழை பெய்து பெய்து சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய், மண் புளிப்பாக இருக்கிறது. வாடல் பாக்டீரியாவுக்கு அந்த ஈரமும் சூடும் புளிப்பும் கொண்டாட்டம். மூன்றாவது நிழல். தென்னை, மா, பலா, நல்லமிளகுக் கொடி, இதற்கெல்லாம் நடுவில்தான் நம் காய்கறிப் பாத்தி. ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் சுழலும் அந்த வறண்ட வெளிக்கும் குலசேகரத்து ரப்பர் நிழலுக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் இருக்குமோ என்னவோ, பயிருக்கு அவை வேறு வேறு தேசம்.

இதனால்தான் தமிழ்நாட்டின் பொதுவான சிபாரிசுப் பட்டியலில் உள்ள பல ரகங்கள் மேற்குக் குமரியில் திணறுகின்றன. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள். எல்லை மாறியது, மண் மாறவில்லை. ஆகவே நமக்கான பதில்கள் பலவும் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரள வேளாண் பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்திலும் இருக்கின்றன. இந்தப் பக்கம் பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெள்ளாயணி வேளாண் கல்லூரி மார்த்தாண்டத்திலிருந்து காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் தூரம்தான்.

வாடல் நோய்க்கே வருவோம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதற்கென்றே தக்காளியில் சக்தி, முக்தி, அனகா என்று ரகங்கள் கொடுத்தது. சக்தியின் காய் தோள்பட்டையில் பச்சை படர்ந்திருக்கும், முக்தியில் அது இருக்காது. கடைத் தக்காளி போல் கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இவற்றின் பெருமை வேறு: அக்கம்பக்கத்துச் செடி சாய்ந்து கிடக்கும்போது இது நிற்கும். கத்தரியில், நம்மூர்ப் பேச்சில் வழுதலங்காயில், ஹரிதா, ஸ்வேதா, சூர்யா மூன்றும் வாடலைத் தாங்கும். ஹரிதா நீளமான இளம்பச்சை, ஸ்வேதா வெள்ளை, சூர்யா ஊதா. பேச்சிப்பாறையில் வெளியான பி.பி.ஐ. 1 என்ற கத்தரியும் உண்டு. மிளகாயில் உஜ்வலா. வானத்தைப் பார்த்து கொத்துக் கொத்தாகக் காய்க்கும், காரம் நல்ல காரம். அதையும் பூசா ஜ்வாலாவையும் சேர்த்து எடுத்தது அனுக்ரஹா. காய் நீளமாக, தொங்கினபடி காய்க்கும், சமையலுக்கு அளவான காரம்.

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் பெரும்பாலானவற்றுக்கு 'அர்க்கா' என்று முன்பெயர் வரும். அவர்களுடைய அர்க்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்று மூன்று நோயை எதிர்த்து நிற்கிறது. ஒரு செடியில் 18, 19 கிலோ காய்த்ததாகச் செய்தி வந்து, பலர் ஆசைப்பட்டு வாங்கினார்கள். அந்த விளைச்சல் சொட்டுநீரும் அளந்து கொடுத்த உரமும் முழு வெயிலும் கிடைத்த வயலில் வந்தது. தென்னந்தோப்பின் ஓரத்தில் அதில் கால்வாசி வந்தாலே சந்தோஷப்படலாம். நோயைத் தாங்கும் குணம் மட்டும் நிழலிலும் இருக்கும், அதற்காகவே நான் அதை விரும்புகிறேன்.

பெயர்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 'பி.கே.எம். 1' என்று கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் முதல் முருங்கையும் பி.கே.எம். 1, முதல் தக்காளியும் பி.கே.எம். 1, முதல் சப்போட்டாவும் பி.கே.எம். 1. எழுத்து நிலையத்தின் ஊர், எண் அங்கே அந்தப் பயிரில் வெளியான வரிசை. 'கோ' என்றால் கோயம்புத்தூர், 'பி.எல்.ஆர்.' என்றால் பாலூர், 'பி.பி.ஐ.' என்றால் பேச்சிப்பாறை, 'டி.பி.எஸ்.' என்றால் நம் திருப்பதிசாரம், அது நெல்லில் வரும். இதை மனசில் வைத்துக்கொண்டால் பாக்கெட்டைப் பார்த்த உடனே ரகம் எந்த ஊர்ப் பிள்ளை என்று பாதி தெரிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு அழகான உண்மை கிடைக்கும். பெரியகுளத்தில் 1989-இல் வெளியான அந்தச் செடிமுருங்கை, தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் ஊரின் முருங்கையிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தது. பி.கே.எம். 1 தக்காளியின் மூலம் தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளி. கேரளத்தின் புகழ்பெற்ற சிவப்புக் கீரையான அருண், வெள்ளாயணிக்குப் பக்கத்துப் பாலப்பூர் நாட்டுக்கீரையிலிருந்து பொறுக்கியெடுத்தது. நமக்கு மிகவும் நெருக்கமான ஒன்று: பேச்சிப்பாறையின் பி.பி.ஐ. 1 பலா, முளகுமூட்டு நாட்டுப் பலாவிலிருந்து வந்தது. ஆய்வுக்கூடத்தில் வானத்திலிருந்து ஒன்றும் குதிப்பதில்லை. யாரோ ஒரு வீட்டுக்காரி நல்ல காயை விதைக்கு விட்டு விட்டுக் காப்பாற்றிய மரமும் கொடியும்தான் 'மேம்பட்ட ரகம்' ஆகிறது. அதனால் புது ரகம் வந்ததும் பழைய வித்தை அடுப்படிக் கயிற்றிலிருந்து இறக்கி வீசிவிடாதீர்கள். அடுத்த ரகத்துக்கு மூலதனம் அதுதான்.

கீரையில் நிறைய பேர் ஏமாறுவது பகல் நீளத்தில். கண்ணாறா லோக்கல் என்ற பெயர்பெற்ற சிவப்புத் தண்டங்கீரை, பகல் குறுகும் நவம்பர், டிசம்பரில் சீக்கிரமே பூத்துவிடும். பூத்தபின் தண்டு நார், இலை சின்னது. ஐப்பசியில் விதைத்துவிட்டு 'விதை சரியில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. விதை சரிதான், காலம்தான் தப்பு. அருண் பகல் நீளத்தைப் பார்க்காது, அந்த மாதங்களுக்கு அதைப் போடலாம். மழைக்காலத்தில் சிவப்புக் கீரையின் இலையில் வெள்ளையாகக் கருகல் விழும். பச்சைக் கீரையான கோ 1 அந்த நோயைத் தாங்கும், இரண்டையும் கலந்து விதைத்தால் சிவப்பில் பரவுவதும் குறைகிறது. 1 கிலோ பசுஞ்சாணத்தை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை எடுத்துத் தெளித்தாலும் கட்டுப்படும். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், பலன் உண்டு. தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் விடுவது அதைவிட முக்கியம்.

பயறுக்குப் பந்தல் போட இடமிருந்தால் வெள்ளாயணி ஜோதிகா. ஒரு கைப்பிடி பறித்தால் ஒரு துவரன் பொரியலுக்கு ஆகும், அவ்வளவு நீளம். இடமில்லாதவர்கள், மொட்டைமாடியில் சாக்கில் வளர்ப்பவர்கள், குத்துச்செடியாக வரும் பாக்யலட்சுமியைப் பார்க்கலாம். வெண்டையில் தொல்லை மஞ்சள் நரம்பு வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. ஒரு காலத்தில் பூசா சவானி இதைத் தாங்கியது, பிறகு வைரஸ் அதை வென்றது. அப்புறம் காட்டு வெண்டை இனத்தோடு சேர்த்து அர்க்கா அனாமிகா எடுத்தார்கள், அதற்கும் சில இடங்களில் நோய் வர ஆரம்பித்தது. எதிர்ப்பு என்பது நிரந்தரச் சொத்து இல்லை என்பதற்கு வெண்டையே சாட்சி. எங்கள் வீட்டில் ஆனைக்கொம்பன் வெண்டையும் இரண்டு செடி எப்போதும் நிற்கும். ஆள் உயரத்துக்கு மேல் போய், தந்தம் மாதிரி வளைந்த காய், தீயல் குழம்புக்கு அதை அடிக்க ஒன்றில்லை.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பற்றி கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும், நம் வீட்டுப் பயிர்களில் அதற்குத்தான் தனி வரலாறு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக இதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தக் கிழங்குதான் ஜனங்களைத் தாங்கியது. 1963-இல் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய கிழங்கு நிலையம், தன் ரகமொன்றுக்கு 'ஸ்ரீ விசாகம்' என்று அந்த ராஜாவின் பெயரையே வைத்தது. மலேயாவிலிருந்து வந்த எம்4 இன்றும் வேகவைத்துத் தின்பதற்குப் பலரின் முதல் தேர்வு. மாவாக மலரும், மீன்கறிக்கு ஏற்றது, ஆனால் 10 மாதம் காத்திருக்கவேண்டும். 1998-இல் வந்த ஸ்ரீ ஜயா, ஸ்ரீ விஜயா இரண்டும் 6, 7 மாதத்தில் பறிக்கலாம், சுவையும் நன்று. 10 சென்ட் வைத்திருப்பவருக்கு இந்த மூன்று மாத லாபம் சின்ன விஷயமில்லை, அதே இடத்தில் இன்னொரு பயிர் எடுத்துவிடலாம்.

மரச்சீனியின் சாபம் தேமல் நோய். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, கோணிச் சுருங்கும். இது முக்கியமாக நடுவதற்கு வெட்டும் தண்டான கம்பு வழியாகப் பரவுகிறது. அடுத்த வீட்டில் கேட்டு வாங்கி நடுகிற கம்பிலேயே நோய் வந்துவிடும். ஸ்ரீ ரக்ஷா என்ற ரகம் இதை எதிர்க்கிறது. வேறு ரகம் நடுவதானால், செடி நிற்கும்போதே, இலையிருக்கும்போதே போய்ப் பார்த்து, தேமல் இல்லாத செடியின் மூட்டில் துணி கட்டிவைத்துவிட்டு, பறிக்கும்போது அந்தக் கம்பை மட்டும் எடுங்கள். இலை உதிர்ந்த கம்பில் எதுவும் தெரியாது.

சேனையில் கஜேந்திரா என்ற ரகம் நாக்கில் அரிக்காது, பக்கமுளைக் கட்டி இல்லாமல் வழவழவென்று இருக்கும், சீவ எளிது. சிறுகிழங்கில் ஸ்ரீ தாரா. எரிசேரிக்கும் பொங்கலுக்கும் அந்த மணம் தேடுபவர்களுக்கு நாட்டுச் சிறுகிழங்கே போதும் என்பது என் கட்சி.

வாழையில் நான் புது ரகம் பேசப்போவதில்லை. மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பேயன், பாளையங்கோட்டான் என்று இத்தனை வைத்திருக்கிற ஊர் வேறு எது? பல்லில்லாத பிள்ளைக்கு முதல் பழமாகக் கொடுக்கும் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழையில் 'மேம்பட்டது' என்று விற்கப்படுவது பெரும்பாலும் திசு வளர்ப்புக் கன்று. அது ரகம் அல்ல, கன்று உண்டாக்கும் முறை. சரியான கூடத்திலிருந்து வந்தால் வைரஸ் இல்லாமல் வரும், எல்லாம் ஒரே சமயத்தில் குலைதள்ளும். ஆனால் ரசகதலியைக் கொல்லும் வாடல் பூசணம் உங்கள் மண்ணில் இருந்தால், திசு வளர்ப்பு ரசகதலியும் அதே மாதிரிதான் சாகும். அந்த இடத்தில் மட்டுமாவது ரசகதலியை விட்டுவிட்டு, பாளையங்கோட்டான் வைப்பதே புத்தி.

சக்கைக்கு, அதாவது பலாவுக்கு வந்தால் நாற்றங்கால்களில் இப்போது எல்லோரும் கேட்பது வியட்நாம் ஏர்லி. இரண்டு வருஷத்தில் காய்க்கிறது, மரமும் அடக்கம். 3 சென்ட் வீட்டுக்காரருக்கு அது வரப்பிரசாதம்தான். இடமிருப்பவர்கள் பி.பி.ஐ. 1 ஒட்டுக்கன்றையும் நினைத்துப் பார்க்கவேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு போகம், நவம்பர், டிசம்பரில் இன்னொரு போகம் காய்க்கும். நம் மழையில் பிறந்து வளர்ந்த மரம். எதை வாங்கினாலும் ஒட்டுக்கன்றாகவே வாங்குங்கள். கொட்டை போட்டு முளைத்தது கெட்டிச் சுளை வருக்கையாகுமா குழைந்த சுளைக் கூழனாகுமா என்று ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். குலசேகரம், அருமனைப் பக்கம் பரவியிருக்கும் ரம்புத்தானில் இது இன்னும் மோசம். விதைக்கன்று ஆண்மரமாகி ஒரு பழம்கூடத் தராமல் போகலாம். என்18 போன்ற பெயர் தெரிந்த மொட்டுக்கட்டுக் கன்றுதான் பாதுகாப்பு.

பப்பாளியில் தைவானின் ரெட் லேடி எங்கும் கிடைக்கிறது. ஆண்மரம் வராது, எல்லா மரமும் காய்க்கும், வளையப்புள்ளி வைரஸை ஓரளவு தாங்கும். தொட்டியில் வளர்க்க ஆசையென்றால் பூசா நன்ஹா என்ற குட்டை ரகம் உண்டு, முழங்கால் உயரத்திலேயே காய்க்கத் தொடங்கும். ஆனால் அதில் ஆண், பெண் தனித்தனி மரம், இரண்டு மூன்று தொட்டியாவது வேண்டும். எந்தப் பப்பாளியானாலும் நம் மழையில் தண்டின் அடி அழுகும். மேடு கட்டித்தான் நடவேண்டும். செடிமுருங்கைக்கும் அதே கதை. ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கம் பி.கே.எம். 1 கொத்தாய்க் காய்க்கும். எங்கள் பக்கம் இடவப்பாதியில் வேர் அழுகுகிறது, பூ கொட்டுகிறது. போத்து வெட்டி நடுகிற பழைய யாழ்ப்பாண முருங்கை மெதுவானாலும் நின்று பிடிக்கிறது.

அடுத்து பாக்கெட். அதில் 'எஃப்1' என்று இருந்தால் அது வீரிய ஒட்டு, இரண்டு பெற்றோரைச் சேர்த்து ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கிய விதை. அர்க்கா ரக்ஷக், ரெட் லேடி இந்த வகை. இவற்றின் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு சாயலில் வரும், நோய் தாங்குவதும் சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது. சக்தி, உஜ்வலா, ஜோதிகா, அருண் எல்லாம் ரகங்கள், விதை எடுத்து வைக்கலாம். அதிலும் பயறு தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், கவலையே இல்லை. கீரைக்குக் காற்றும், பாவைக்காய்க்கும் தடியங்காய் என்கிற வெண்பூசணிக்கும் தேனீயும் கலப்பு செய்துவிடும். மார்த்தாண்டத் தேன்பெட்டி பக்கத்து விளையில் இருந்தால் இன்னும் சுலபமாக. விதைக்கு வேண்டிய பெண்பூவை மலரும் முந்தின சாயங்காலமே காகிதத்தால் மூடி, காலையில் அதே ரகத்தின் ஆண்பூவைத் தொட்டுவிட்டு மறுபடி மூடிவிடுங்கள்.

பாக்கெட்டில் முளைப்புத்திறன், சோதனை செய்த தேதி, காலாவதி மூன்றையும் பாருங்கள். சோதனை செய்து 9 மாதம்வரைதான் பொதுவாகச் செல்லும். நம்முடைய ஈரக்காற்றில் திறந்த பாக்கெட் அதற்கு முன்பே செத்துவிடும். மிச்ச விதையை வெயிலில் காயவைத்து, அடுப்புச் சாம்பலோடு கண்ணாடிக் குப்பியில் இறுக மூடிவையுங்கள்.

என் 9 செடி செத்த பாத்தியில் இப்போது என்ன இருக்கிறது என்றால், சுண்டைக்காய்த் தண்டின்மேல் ஒட்டுக்கட்டிய தக்காளி. சுண்டைக்கு அந்த வாடல் பெரிதாக ஒன்றும் செய்யாது. சுண்டை மெதுவாக வளர்வதால் அதை ஒரு மாதம் முன்பே விதைத்தேன். இரண்டு தண்டும் பென்சிலுக்குள் இருக்கும் எழுதுகுச்சி கனத்துக்கு வந்ததும், சுண்டையைத் தலைவெட்டி நடுவில் சிறிதாகப் பிளந்து, தக்காளி நுனியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, கிளிப் போட்டேன். ஒரு வாரம் பாலித்தீன் உறைக்குள், திண்ணை நிழலில். 14-இல் 10 பிடித்தது. நடும்போது ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு நாலு விரல் மேலே நிற்கவேண்டும், மண் தொட்டால் தக்காளி தன் சொந்த வேரை விட்டுவிடும், நோய் அந்த வழியாக ஏறிவிடும். கீழேயிருந்து சுண்டைத் தளிர் கிளம்பினால் அன்றன்றைக்கே கிள்ளிவிடுகிறேன். துலாமழை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. பத்தும் நிற்கின்றன, நேற்று முதல் காய் நிறம் மாற ஆரம்பித்திருக்கிறது.